மூன்றரை ஆண்டின் விலை

(இதழியல், ஊடகவியல் ஆய்வு மாணவர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



இந்த அறக்கட்டளைக்கு முதல் வைத்தவர் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புப் பார்த்தவர் என்று காலையில் அவருடைய மகள் என்னிடம் சொன்னார். ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் கல்லூரிக்குப் போனவர் இல்லையாம். இதைக் கேட்டதும், நான் கொண்டுவந்திருந்த தலைப்பு இந்த அவைக்குப் பொருத்தமானதுதான் என்ற தெம்பு வந்தது. நான் பேச வந்தது பணத்தைப் பற்றி. முனைவர் பட்ட ஆய்வுக்கு யாருக்குப் பணம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, அதனால் நம் துறைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வு உதவித்தொகையை மாணவருக்குச் செய்யும் உபகாரமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு துறை எந்தக் கேள்விகளைக் கேட்கும், எவற்றைக் கேட்காமலே விட்டுவிடும் என்பதை அந்தப் பணம்தான் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. ஊடகவியலில் இது மேலும் கூர்மையாகிறது. யார் யாரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதே நம் வேலை. செய்தியில் எப்போதும் பேசப்படுகிற மக்கள், ஆராய்கிறவர்களின் வரிசையில் இல்லாமல் போனால், அந்த வேலை பாதியில் நிற்கிறது.

எடுத்துக்காட்டுக்குப் பிரிட்டனைக் கொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் அங்கே ஊடகவியல் கற்பித்தேன். மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் முதல் கதை நமக்கு மிகவும் பழக்கமான ஒருவருடையது.

1. தவணை முடிந்த நாள்

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை தந்து, 1913-இல் பீமராவ் அம்பேத்கரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். 1916-இல் அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்தார் அம்பேத்கர். மறு ஆண்டே தவணை முடிந்தது. ஆய்வை அரைகுறையாக விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அங்கே தங்க வீடு கிடைக்கவில்லை என்பதும் அந்த அவமானமும் உங்களுக்குத் தெரிந்ததே. பம்பாயில் பேராசிரியர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1920-இல்தான் மறுபடி லண்டனுக்குக் கப்பலேற முடிந்தது. 1923-இல் டி.எஸ்சி. பட்டம்.

இந்தக் கதையில் ஊடகவியலாளர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. படிப்பு அறுபட்டிருந்த அந்த இடைவெளியில், 1920 ஜனவரி 31 அன்று, அம்பேத்கர் 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். பெயரின் பொருள், ஊமைகளின் தலைவன். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அதற்கு 2,500 ரூபாய் தந்தார். காசு வாங்கிக்கொண்டு விளம்பரமாக வெளியிடுங்கள் என்று கேட்டும் 'கேசரி' இதழ் மறுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் அவர் லண்டனுக்குப் போனார். இதழ் தள்ளாடி 1923-இல் நின்றது.

ஒரே மனிதர். அவருக்குப் படிப்பும் வேண்டும், பத்திரிகையும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே காலம். படிப்புக்குப் போனால் பத்திரிகை நிற்கிறது, பத்திரிகைக்கு நின்றால் படிப்பு நிற்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கே எழாது. உதவித்தொகை என்று நாம் சொல்வது உண்மையில் காலத்தை விலைகொடுத்து வாங்குவது. இந்த ஒரு பொருளில்தான் இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்தப் போகிறேன்.

2. ஹேண்ட்ஸ்வொர்த் தெருவிலிருந்து வந்த கேள்வி

1964-இல் ரிச்சர்ட் ஹோகார்ட் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தை மட்டும் நம்பி அது தொடங்கவில்லை. பென்குவின் பதிப்பகத்தை நிறுவிய ஆலன் லேன் கொடுத்த நன்கொடை இல்லாவிட்டால், ஸ்டூவர்ட் ஹாலை வேலைக்கு எடுத்திருக்க முடியாது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1932-இல் பிறந்தவர் ஹால். 1951-இல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு வந்தவர். ஹென்றி ஜேம்ஸைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதத் தொடங்கி, அதை இடையிலேயே விட்டுவிட்டார். இன்று நீங்கள் எழுதும் ஆய்வேடுகளில் எத்தனையோ ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்படும் அவருக்கு ஆய்வேடு எழுதிப் பெற்ற முனைவர் பட்டம் இல்லை.

1972 நவம்பரில் பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில், இரவில் வீட்டுக்கு நடந்துபோன ஒருவரை மூன்று பையன்கள் அடித்து வழிப்பறி செய்தார்கள். அவருக்குக் கடுமையான காயம். கொடுமையான குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. மறு ஆண்டு மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மூவரில் மூத்தவனுக்குப் பதினாறு வயது. அவனுக்கு 20 ஆண்டு. மற்ற இருவருக்கும் பத்துப் பத்து ஆண்டு. அந்தப் பகுதியில் மக்களோடு பழகிக்கொண்டிருந்த மைய மாணவர்கள் சிலர் இந்தத் தீர்ப்பைக் கண்டு திகைத்துப் போனார்கள். பையன்களுக்காக ஒரு குழு அமைத்துத் துண்டுப் பிரசுரம் போட்டார்கள். ஆய்வு அங்கிருந்துதான் பிறந்தது.

அவர்கள் செய்ததை ஆய்வு முறை கற்கும் ஒவ்வொருவரும் கூர்ந்து பார்க்க வேண்டும். 'மக்கிங்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். அது அமெரிக்க நகரங்களைப் பற்றிய செய்திகளில் புழங்கிய சொல். 1972 ஆகஸ்டில் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தருகே ஒரு முதியவர் குத்திக் கொல்லப்பட்டபோது, அது பிரிட்டிஷ் நாளிதழ்த் தலைப்பில் ஏறியது. பிறகு பெருகிவிட்டது என்றார்கள். 129 விழுக்காடு உயர்வு என்று அச்சாயிற்று. ஆனால் சட்டப் புத்தகத்தில் அப்படியொரு குற்றமே இல்லை. இல்லாத குற்றத்தின் எண்ணிக்கையை எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார்கள் அந்த ஆய்வாளர்கள். காவல்துறையும் நீதிபதியும் அமைச்சரும் முதலில் சொல்லும் விளக்கமே செய்தியின் சட்டகமாகிவிடுகிறது, மற்றவர்கள் அதற்குள் நின்றுதான் மறுக்க வேண்டியிருக்கிறது என்று காட்டினார்கள். ஹாலும் அவரோடு சேர்ந்த நால்வரும் எழுதிய 'போலீசிங் த கிரைசிஸ்' 1978-இல் வந்தது. இந்த அறையில் பாதிப் பேர் அதன் ஒரு அத்தியாயத்தையாவது படித்திருப்பீர்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது இதற்கு அடுத்த கட்டத்தை. தலைமையில் ஹால் போன்ற ஒருவர் இருந்தும், அந்த மையமே சில கேள்விகளைக் கேட்காமல் இருந்தது. அதை உள்ளிருந்து எழுப்பியவர்கள் ஆய்வு மாணவர்கள்: பால் கில்ராய், ஹேசல் கார்பி, எரல் லாரன்ஸ், பிரதிபா பர்மார் போன்றோர். இனத்தை ஒரு 'பிரச்சினை'யாகவே பார்க்கும் சமூகவியலையும், வெள்ளைப் பெண்களின் அனுபவத்தையே எல்லாப் பெண்களின் அனுபவமாக எடுத்துக்கொண்ட பெண்ணியத்தையும் அவர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். 1982-இல் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' என்ற கூட்டுநூல் வந்தது. 1987-இல் வந்த தம் நூலில் கில்ராய், ரேமண்ட் வில்லியம்ஸ் உள்ளிட்ட முன்னோடிகளின் எழுத்திலேயே தேசம் என்ற சொல்லுக்குள் யார் அடங்காமல் போகிறார்கள் என்று கேட்டார். ஆசிரியருக்குத் தெரியாததை மாணவர் கொண்டுவந்தார். அதற்கு அவர்கள் முதலில் அந்த அறைக்குள் வந்திருக்க வேண்டும். வந்தபின் சில ஆண்டுகளாவது அங்கேயே இருக்க முடிந்திருக்க வேண்டும்.

பர்மிங்ஹாம் அந்தத் துறையை 2002-இல் மூடிவிட்டது.

3. முப்பது பேர்

2019-இல் லீடிங் ரூட்ஸ் என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவர் எங்கெங்கே கழன்று போகிறார்கள் என்பதைக் குழாயில் நீர் கசிவதற்கு ஒப்பிட்டு, 'உடைந்த குழாய்' என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்திருந்தார்கள். பிரிட்டனின் ஆய்வு மன்றங்கள் அனைத்தும் மூன்று கல்வியாண்டுகளில் தந்த முனைவர் பட்ட உதவித்தொகைகள் 19,868. அவற்றில் கறுப்பினத்தவருக்கும் கறுப்பினக் கலப்பு வழியினருக்கும் சேர்ந்தது 1.2 விழுக்காடு. கரீபிய வழிவந்த கறுப்பினத்தவர் மட்டும் எத்தனை பேர் என்று பார்த்தால், 30.

முப்பது பேர் என்பது ஊடகவியலில் மட்டும் இல்லை. இயற்பியல், மருத்துவம், வரலாறு, பொறியியல் எல்லாம் சேர்த்து, மூன்று ஆண்டுகளில், நாடு முழுவதும். நம் துறைக்கு அதில் எத்தனை பேர் வந்திருக்க முடியும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் கறுப்பினத்தவர் 4 விழுக்காடு. ஒரு ஜமைக்கரின் பெயரைச் சொல்லி வளர்ந்த துறைக்கு இந்த எண் பெரும் துயரம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர், ஆசியர், பிற சிறுபான்மையினர் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி எண்ணும் பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. அப்படி எண்ணினால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். மூட்டையை அவிழ்த்தால்தான் யார் இல்லை என்று தெரியும். படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் உண்டு. ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டம் இல்லை. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ பிறந்து வளர்ந்த அவர்களில் பெரும்பாலோர் 'வேறு ஆசியப் பின்னணி' என்ற கட்டத்தில்தான் குறியிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் எத்தனையோ நாட்டவர் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் தனியாகத் தெரியாத ஒரு கூட்டம் குறைகிறதா கூடுகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

4. ஐந்தாம் இடம்

இனி நான் நேரில் கண்டது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். ஏனென்றால் இது எங்கும் நடப்பது.

மார்ச் மாத மாலை, மூன்றாம் மாடி அறை. நாற்பதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள், இடம் நாலே நாலு. மதிப்பீட்டுத் தாளில் நான்கு தலைப்புகள்: ஆய்வுப் பொருளின் தரம், கோட்பாட்டு அறிவு, மாணவரின் தயார்நிலை, துறையோடு பொருத்தம். வரிசையில் ஒரு விண்ணப்பம் தெற்கு லண்டனிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் கறுப்பினப் பெண். ஒரு மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் இரவுப்பணி. முதுகலையில் நல்ல மதிப்பெண். ஆனால் அது முடிந்து ஆறு ஆண்டாகியிருந்தது.

அவர் ஆராய விரும்பியது, 1980-களில் லண்டனில் உரிமமின்றி நடந்த கறுப்பின வானொலிகளை. ட்ரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன் என்ற டிபிசி அவற்றில் முன்னோடி. அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் ஆன்டெனா கட்டி ஒலிபரப்பினார்கள், அதிகாரிகள் வந்து கருவியைப் பறித்துப் போவார்கள், மறுபடி கட்டுவார்கள். அந்த ஒலிபரப்புகளை எந்த ஆவணக் காப்பகமும் முறையாகச் சேர்த்து வைக்கவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் மாமா வீட்டில், கட்டிலுக்கு அடியில், மூன்று அட்டைப்பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் இருந்தன. விண்ணப்பத்தோடு ஒரு பட்டியலை இணைத்திருந்தார். ஒவ்வொரு நாடாவின் மேலும் பேனாவால் எழுதியிருந்ததை அப்படியே பெயர்த்து எழுதிய பட்டியல் அது. நாள், இசை நடத்தியவரின் செல்லப்பெயர், இடையில் வந்த முடிதிருத்தக விளம்பரம், ஊருக்குப் பீப்பாயில் சாமான் அனுப்பும் கப்பல் முகவரின் விளம்பரம், ஒரு இறப்பு அறிவிப்பு. சிலவற்றின்மேல் 'அழிக்காதே' என்று மட்டும் இருந்ததாம்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பக்கத்தில் இருந்தவரும் அற்புதமான மூலப்பொருள் என்றார். முதல் தலைப்பில் அவருக்கு உயர்ந்த மதிப்பெண்ணே விழுந்தது. மற்ற மூன்றில் விழவில்லை. இரண்டு பக்க முன்மொழிவில் எந்தக் கோட்பாட்டாளரின் பெயரும் இல்லை. ஆய்வுக் கேள்வி என்று தனியாக எதையும் வகுக்கவில்லை. அவருக்கு மேலே வந்த இன்னொரு விண்ணப்பத்தை, வருங்கால நெறியாளர் நான்கு முறை வாசித்துத் திருத்தியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதில் தவறொன்றும் இல்லை. நல்ல நெறியாளர் செய்வதுதான். அந்த மாணவர் அதே துறையில் முதுகலை முடித்துவிட்டு நேராக வந்தவர், தாழ்வாரத்தில் பேராசிரியரைப் பார்க்க முடிந்தவர். இரவுப்பணி முடித்து, பகலில் உறங்கி, இடைப்பட்ட நேரத்தில் எழுதிய இந்தப் பெண்ணுக்குத் தாழ்வாரமே கிடையாது.

அவர் ஐந்தாம் இடத்தில் வந்தார். அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்றிரவு ரயிலில் திரும்பும்போது எனக்குப் புரிந்தது இதுதான். நாங்கள் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. தகுதியை அளக்கிறோம் என்று உண்மையாகவே நம்பினோம். அளந்தது மட்டும் வேறொன்று. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதம் யாருக்கு ஓய்வாகவும் துணையோடும் வாய்த்தது என்பதையே நாங்கள் அளந்தோம். தேர்வுக் குழு கூடும் நாளுக்கு முன்பே தேர்வு பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது.

5. சட்டம் விட்டிருக்கும் வழி

பிரிட்டனில் நம்மைப்போல் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. ஒரு பிரிவினரின் பங்கேற்பு அளவுக்கு மீறிக் குறைவாக இருக்கிறது என்று நியாயமாகக் கருத இடமிருந்தால், அந்தக் குறையைப் போக்கத் தகுந்த அளவிலான நடவடிக்கை எடுக்கலாம். பல ஆண்டுகள் இந்தப் பிரிவைப் பல்கலைக்கழகங்கள் தொடவே அஞ்சின. வழக்கு வருமோ என்ற பயம். மெல்ல மெல்ல, குறிப்பிட்ட சிறுபான்மையினருக்கென்றே ஓரிரு உதவித்தொகைகளை ஒதுக்கத் தொடங்கினார்கள். ஸ்டூவர்ட் ஹால் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இப்படிச் சில இடங்களை ஏற்படுத்தியது. 2021-இல் மாணவர் நல ஒழுங்குமுறை அலுவலகமும் ரிசர்ச் இங்கிலாந்தும் சேர்ந்து 13 திட்டங்களுக்கு 80 லட்சம் பவுண்டு ஒதுக்கின. அவற்றில் எனக்குப் பிடித்தவை, தேர்வு முறையையே மாற்ற முனைந்தவை.

தகுதி என்னாவது என்று கேட்பார்கள். இந்த மண்ணில் நூறாண்டாகக் கேட்டுவரும் கேள்விதான். அதற்கு இங்கே போதுமான விடை சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒலிநாடாப் பெட்டியை வைத்திருந்தவர்தான் அந்த ஆய்வுக்குத் தகுதியானவர். கோட்பாட்டை மூன்றாண்டில் யாரும் கற்றுத் தரலாம். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை யாராலும் கற்றுத் தர முடியாது.

அந்தத் தேர்வுக்கு மறு ஆண்டு எங்கள் துறையில் ஒதுக்கப்பட்ட இடம் ஒன்று வந்தது. அதோடு ஒரு சிறு தொகையும்: விண்ணப்பிக்க விரும்புவோர் ஆறு வாரம் ஊதியத்தோடு வந்து ஓர் ஆசிரியரிடம் முன்மொழிவு எழுதப் பழகலாம். அந்தப் பெண்ணுக்கு நானே கடிதம் எழுதினேன். வந்தார். ஆறாவது வாரம் அவர் கொண்டுவந்த முன்மொழிவில் முதல் ஆண்டின் பட்டியல் அப்படியே இருந்தது. அதன் கீழே, இந்த விளம்பரங்களை வைத்து ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை எழுத முடியுமா என்ற கேள்வி இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறு வாரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

6. கணக்கு

தொகை எவ்வளவு? 2025–26 கல்வியாண்டுக்கு ஆய்வு மன்றங்கள் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. மூன்றரை ஆண்டுக்குக் கணக்கிட்டால், கட்டணம் நீங்கலாக, ஏறத்தாழ 72,700 பவுண்டு. வரி இல்லை. லண்டனுக்குக் கொஞ்சம் கூடுதல் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. லண்டனில் ஓர் அறையின் வாடகை தெரிந்தவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு, பெரும்பாலும் மூன்றரை ஆண்டில் பணம் நிற்கும். ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு ஆண்டு வரை அவகாசம் உண்டு. கடைசி ஆறு மாதம், இறுதி அத்தியாயங்களை எழுதும் அந்த நேரம், பலருக்குப் பணமில்லாத நேரம். பெற்றோர் வீடு தாங்கினால் எழுதுவார்கள். பெற்றோருக்கே மாதம்தோறும் அனுப்ப வேண்டியவர்கள் வேலை தேடிப் போவார்கள். முடிக்காமல் போன ஆய்வேடுகளில் எத்தனை இப்படி நின்றன என்பது, எந்தத் துறையிலும் யாரும் மனமுவந்து எண்ணிப் பார்க்கும் கணக்கில்லை.

உதவித்தொகை கிடைக்காதவர்களுக்குக் கடன் உண்டு. 2018–19 முதல் இங்கிலாந்தில் முனைவர் பட்டத்துக்கு அரசுக் கடன் தருகிறார்கள். தொடக்கத்தில் மொத்தம் 25,000 பவுண்டு வரை. முழு நான்காண்டுக்கும் சேர்த்து இது எதற்கும் போதாது. வட்டி கூடாது என்று கருதும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் இதைத் தொடுவதேயில்லை. வட்டியில்லா மாற்று முறை பற்றி அரசு 2014-லேயே கருத்துக் கேட்டது. அப்போது பள்ளியில் சேர்ந்த பிள்ளை இப்போது பல்கலைக்கழக வாசலுக்கு வரும் வயதை நெருங்கிவிட்டது.

இதற்கு நடுவில் கலை, மனிதப் பண்பியல் ஆய்வு மன்றம் ஆண்டுக்கு 425 ஆக இருந்த உதவித்தொகைகளைப் படிப்படியாக 300 அளவுக்குக் குறைப்பதாக அறிவித்தது. நம் துறையில் பெரும்பகுதி அந்த மன்றத்தை நம்பி இருக்கிறது. இடங்கள் குறையும்போது, தாழ்வாரம் உள்ளவர்களே மிஞ்சுவார்கள்.

7. நாடாளுமன்றச் சதுக்கம், 2009

2009 ஏப்ரல் முதல் ஜூன் வரை லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூடிய நாட்களை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. ஓர் இளைஞர் அங்கே இருபத்து மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் டெய்லி மெயிலும் சன்னும், அவர் நோன்பின்போது இரகசியமாகப் பர்கர் சாப்பிட்டார் என்று எழுதின. அது பொய். அவர் வழக்குத் தொடுத்தார். 2010 ஜூலையில் இரண்டு நாளிதழ்களும் மன்னிப்புக் கேட்டன. இரண்டும் சேர்ந்து 77,500 பவுண்டு இழப்பீடு தர ஒப்புக்கொண்டன.

வழக்கறிஞர் வேலை அத்தோடு முடிந்தது. ஆய்வாளர் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்தச் செய்தியை மக்கள் ஏன் அவ்வளவு எளிதாக நம்பினார்கள்? 'மக்கிங்' கதையில் பார்த்த அதே சட்டகம் இங்கே எப்படி வேலை செய்தது? அக்டோபருக்கும் அடுத்த ஜூலைக்கும் நடுவில் அந்தப் பொய் அந்த வீட்டுக்குள், கோயில் வாசலில், பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் செய்தது? மன்னிப்பு எத்தனை பேர் கண்ணில் பட்டது? இதற்கு ஆங்கில நாளிதழ்களை மட்டும் படித்தால் போதாது. லண்டன் தமிழ் வானொலிக்கு அன்று தொலைபேசியில் அழைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழில் ஒருவர் 'சரி, விடுங்கோ' என்று முடிப்பதற்குள் அடங்கியிருக்கும் கசப்பைக் காது பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காது உள்ள பிள்ளைகள் ஹாரோவில் இருக்கிறார்கள். படிவத்தில் 'வேறு ஆசியப் பின்னணி' கட்டத்தில் குறியிடுகிறவர்கள் அவர்கள்தான்.

பல்கலைக்கழகத்துக்குள் வழி கிடைக்காதவர்கள் வெளியே நின்றும் செய்திருக்கிறார்கள். அம்பலவாணர் சிவானந்தனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் பிறந்து 1958-இல் லண்டன் போன அவர், இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, பின்பு அதன் இயக்குநரானார். 1974 முதல் வந்த 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழின் மூலம் ஒரு தலைமுறைக்கே கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார். அவரைப் பார்த்து, பணமில்லாமலும் அறிவு வளரும் என்று யாராவது சொன்னால் நான் வருந்துவேன். எத்தனை பேருக்கு ஒரு நூலகத்தின் சாவி கையில் கிடைக்கும்?

8. இங்கே

நம் நாட்டு நிலையை விரிவாகப் பேச நேரமில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2005 முதல் வந்த தேசிய ஃபெல்லோஷிப்பால் எத்தனையோ வீடுகளில் முதல் முனைவர் பட்டம் வந்திருக்கிறது. இந்த அறையிலேயே அப்படிச் சிலர் இருப்பீர்கள். சிறுபான்மைச் சமயத்தவருக்காக 2009-இல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். மற்றத் திட்டங்களின் எல்லைக்குள்ளும் அது வருகிறது என்று காரணம் சொன்னார்கள். ஒரே மாணவர் இரண்டு தொகை வாங்கினால் அதைத் தடுக்க வழி உண்டு; அதற்காகக் கதவையே பெயர்த்திருக்க வேண்டாம். நிறுத்தியதால் ஊடகவியலில் எந்தெந்த ஆய்வுகள் எழுதப்படாமல் போயின என்று நம்மால் ஒருநாளும் பட்டியலிட முடியாது. எழுதப்படாத ஆய்வேட்டுக்குத் தலைப்பும் இல்லை.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். கிடைத்தவர்களுக்கு அது வாழ்வு. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் காலத்துக்கு யாரும் தருவதில்லை. முதுகலை முடித்து ஊருக்குப் போன பழங்குடி மாணவி, நெட் எழுதி, நெறியாளரைத் தேடி, முன்மொழிவு எழுதி, நேர்காணலுக்கு வரும்வரை உள்ள அந்த மாதங்களில், ஒரு துணிக்கடையிலோ உள்ளூர்த் தொலைக்காட்சியிலோ நின்றுகொண்டிருக்கிறாள். அங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

காலையில் அறக்கட்டளைக் குடும்பத்தார் என்னிடம் கேட்டார்கள்: வட்டி கொஞ்சம் கூடியிருக்கிறது, அடுத்த ஆண்டு சொற்பொழிவை இரண்டு நாளாக நடத்தலாமா என்று. என் வேண்டுகோளை இந்த மேடையிலேயே வைக்கிறேன். சொற்பொழிவு ஒரு நாளே போதும். முடிந்தால் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு நடத்துங்கள். மிச்சமாகும் தொகையில், இந்தத் துறையில் முதுகலை முடித்த முதல் தலைமுறை மாணவர் ஒருவருக்கு, ஆய்வுக்குப் பதிவு செய்வதற்கு முந்தைய ஆறு மாதச் செலவைக் கொடுங்கள். எதை ஆராயப் போகிறாய் என்று முதல் நாளே கேட்க வேண்டாம். உட்கார ஒரு மேசையும், வாரம் ஒருமுறை எழுதியதைப் படித்துப் பார்க்க ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். அந்த ஆசிரியராக முதல் ஆண்டு நான் வர ஒப்புக்கொள்கிறேன். என் பயணச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்.